பின்வரிசையிலிருந்து வந்த குரல்

1990களின் கடைசியிலும் 2000களிலும் கால்பந்துப் பித்துப் பிடித்த தமிழ் வீடுகளில் சனிக்கிழமை இரவு என்றால் தனிக் கணக்கு. இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் ஆட்டம் குளிர்காலத்தில் நம் நேரப்படி இரவு 8.30க்கு வரும், கோடையில் 7.30க்கு. தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூர் மாதிரி ஒரு பேரூராட்சிக்கும் கேபிள் டிவி வந்து சேர்ந்துவிட்ட காலம் அது. ஈஎஸ்பிஎன் அல்லது ஸ்டார் ஸ்போர்ட்ஸ் போட்டால் மான்செஸ்டர் யுனைடெட்டோ ஆர்சனலோ ஆடிக்கொண்டிருக்கும். இடைவேளையில் திரை மாறி, கோட் சூட் போட்ட மூன்று நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். ஆட்டம் நடப்பது இங்கிலாந்தில், அவர்கள் பேசுவதோ சிங்கப்பூரில் இருந்து. நிகழ்ச்சியை நடத்துபவர் ஜான் டைக்ஸ். பக்கத்தில் லிவர்பூலின் பழைய நடுக்கள வீரர் ஸ்டீவ் மெக்மேன் இருப்பார். அந்த வெள்ளைக்கார முகங்களுக்கு நடுவே நம் ஊர்ப்பக்க முகச்சாயலில் ஒருவர், கையை நீட்டி, குரலை உயர்த்தி, எதிரே இருப்பவர் யாரென்று பாராமல் வாதாடிக்கொண்டிருப்பார்.

அவர்தான் ஷெப்பி சிங். முழுப்பெயர் செர்பெகெத் சிங். மலேசியாவின் ஜொகூர் பாருவில் 1960இல் பிறந்தவர். ஜொகூர் மாநில அணிக்கும் மலேசிய தேசிய அணிக்கும் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். ஆட்டத்தை விட்ட பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார். ஐரோப்பியக் கால்பந்தை ஆசியர் ஒருவர் ஆசியர்களுக்கு எடுத்துச் சொல்வது அவருக்கு முன் அரிதாகவே நடந்தது. அதை அவர் வாரம் தவறாமல் செய்தார். ஒரு தடுப்பாட்டக்காரர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார், அங்கிருந்து எங்கே போனார் என்று பார்ப்பது, கால்பந்து வர்ணனை என்ற தொழிலின் வரலாற்றையே ஓரளவு பார்ப்பதுதான்.

அந்தக் கதையில் நம் பக்கத்து மண்ணும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் தேதி. அதற்கு முன் கடத்தூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி எல்லாம் சேலம் மாவட்டம். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடிக்க வந்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு ஆகியவற்றோடு பழைய சேலமும் ஒன்று. பஞ்சம் வந்தால், மழை பொய்த்தால், கடன் கழுத்தை நெரித்தால் குடும்பம் குடும்பமாக ரயிலேறினார்கள். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்க வைக்கப்பட்டு அங்கிருந்து கப்பலேறினார்கள். 1938இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்களை இப்படி அனுப்புவதை நிறுத்தும் வரை அது நடந்தது. அதற்குள் அங்கே பிறந்து, அங்கேயே வளர்ந்து, ஊர்ப்பெயரை மட்டும் நினைவில் வைத்திருந்த ஒரு தலைமுறை உருவாகிவிட்டது.

தோட்டங்களில் வேலை முடிந்தால் திடல்தான். லயன் வீடுகளுக்கு அருகே புல் வெட்டிய ஒரு வெளி, இரண்டு பக்கமும் கம்பு நட்ட கோல். ஞாயிறன்று ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்தோடு மோதும். தமிழர்கள் தோட்டத்திலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் வந்தார்கள், சீக்கியர்கள் காவல்துறையிலிருந்தும் படையிலிருந்தும் வந்தார்கள், மலாய்க்காரர்களும் சீனர்களும் பள்ளிகளிலிருந்தும் நகர மன்றங்களிலிருந்தும் வந்தார்கள். நாட்டின் மற்ற இடங்களில் தனித்தனியே வாழ்ந்தவர்கள் பந்து உருண்ட இடத்தில் ஒரே சட்டை போட்டார்கள். எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் கொடுத்த கோப்பைக்காக 1921இல் தொடங்கிய மலாயா கோப்பைதான் பின்னர் மலேசியக் கோப்பை ஆனது. 1957இல் விடுதலை நாளுக்கு முந்தின நாள் திறக்கப்பட்ட மெர்டேக்கா அரங்கத்துக்கு இந்திய அணியும் பலமுறை போயிருக்கிறது. 1959இலும் 1964இலும் மெர்டேக்கா போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது.

மலேசியப் பின்வரிசைக்கென்று ஒரு பரம்பரையே உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய அணியின் பின்வரிசையில் எம். சந்திரனும் சோ சின் ஆனும் இருந்தார்கள். பிறகு சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் ஜோடியாக நடுவில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கோலில் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தை எட்டிப் பிடித்ததால் ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்த தமிழர் அவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு அந்த அணி தகுதி பெற்றது. ஆனால் மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்ததால் வீரர்கள் போகவே இல்லை. அந்த ஆண்டுகளின் தாக்கத்தில் 2016இல் ‘ஓலா போலா’ என்ற மலேசியத் திரைப்படம் வந்தது. அதில் கோல்கீப்பராக முத்து என்ற தமிழ் இளைஞன் வருவான், ஒரு வர்ணனையாளருக்கும் முக்கியமான பாத்திரம் உண்டு.

ஷெப்பி சிங் அந்தத் தலைமுறைக்கு அடுத்தவர். கொரியாவை வென்ற அன்று அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. அவர் ஆடிய 1980களில் மலேசியக் கால்பந்து கொடிகட்டிப் பறந்தது. மாநில அணிகளின் ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பி வழியும். 1985இல் ஜொகூர் முதன்முறையாக மலேசியக் கோப்பையை வென்றது. ஆனால் ஆட்டக்காரர்களின் பிழைப்பு வேறு. 1989இல்தான் அரைத் தொழில்முறை லீக் வந்தது. அதற்கு முன் வங்கியிலோ காவல்துறையிலோ அரசு நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பயிற்சிக்குப் போக வேண்டும். காலில் வலு போன பிறகு என்ன செய்வது என்ற கேள்வி எல்லோர் முன்னாலும் நின்றது. சிலர் பயிற்சியாளர் ஆனார்கள், பெரும்பாலோர் அதே அலுவலக நாற்காலிக்குத் திரும்பினார்கள். வாயை மூலதனமாக வைத்துப் பிழைக்கலாம் என்பது அன்று யாருக்கும் தெரிந்த வழி இல்லை.

அந்த வழி வேறொரு தேசத்தில், மிக மெதுவாகத் திறந்திருந்தது.

1927 ஜனவரி 22ஆம் தேதி லண்டன் ஹைபரி அரங்கில் ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் மோதிய ஆட்டத்தை பிபிசி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பியது. கால்பந்து லீக் ஆட்டம் ஒன்றுக்கு அங்கே நடந்த முதல் நேரடி வர்ணனை அதுதான். பேசியவர் டெடி வேக்லம், பழைய ரக்பி வீரர். ‘ரேடியோ டைம்ஸ்’ இதழ் மைதானத்தின் படத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து அச்சிட்டிருந்தது. கேட்பவர் அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போக, இன்னொரு குரல் பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணைச் சொல்லும். என்ன நடக்கிறது என்று காட்டுவதற்கே அவ்வளவு பாடு. ஏன் நடக்கிறது என்று விளக்க அங்கே இடமும் இல்லை, ஆளும் இல்லை.

தொலைக்காட்சி வந்ததும் காட்டுகிற வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது. விளக்கத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையின்போது இங்கிலாந்தின் ஐடிவி ஒரு புதிய ஏற்பாடு செய்தது. நாற்காலிகளைப் போட்டு, ஆடியவர்களையும் ஆட்டிவைத்தவர்களையும் உட்கார வைத்து, சண்டை பிடிக்கவும் விட்டது. மால்கம் அலிசன், பாட் கிரெரண்ட், டெரெக் டூகன், பாப் மெக்நாப் ஆகிய நால்வரும் ஒரே மாதத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகங்கள் ஆனார்கள். இன்று எந்தச் சேனலிலும் காணும் ‘பேனல்’ என்பதன் மூல வடிவம் அதுதான். அந்த நால்வரில் இருவர் தடுப்பாட்டக்காரர்கள். அலிசன் வெஸ்ட் ஹாம் அணியின் நடுத் தடுப்பாட்டக்காரராக இருந்து, காசநோயில் ஒரு நுரையீரலை இழந்து ஆட்டத்தை விட்டவர். மெக்நாப் ஆர்சனலின் இடது பின்வரிசை வீரர். அந்த உலகக் கோப்பைக்கான இங்கிலாந்தின் கடைசிப் பட்டியலில் இடம் கிடைக்காமல் ஊர் திரும்பியவரைத்தான் ஐடிவி கூப்பிட்டு நாற்காலி போட்டுக் கொடுத்தது.

அப்போது தொடங்கிய வரிசை இன்றும் அறுபடவில்லை. லிவர்பூலின் ஆலன் ஹான்சன் 1991இல் ஓய்வு பெற்று, 1992 முதல் 2014 உலகக் கோப்பை வரை பிபிசியில் இருந்தார். மான்செஸ்டர் யுனைடெட்டின் கேரி நெவில் 2011இல் ஸ்கை தொலைக்காட்சிக்குப் போனார். இரண்டு ஆண்டில் லிவர்பூலின் ஜேமி கேரகர் அவரோடு சேர்ந்தார். மூவரும் பின்வரிசை ஆட்கள்.

இது தற்செயல் இல்லை. முன்வரிசை வீரர் பெரும்பாலும் எதிரணியின் கோலை நோக்கி ஓடுகிறார், முதுகுக்குப் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. நம்மூர்ப் பசங்கள் ‘ஸ்டாப்பர்’ என்று சொல்லும் நடுத் தடுப்பாட்டக்காரருக்கு இருபது பேரும் முன்னால்தான் இருக்கிறார்கள். தொண்ணூறு நிமிடமும் முழுக் களத்தையும் பார்த்தபடி, “வலதுல ஆள் இருக்கு”, “மேல ஏறு”, “விடாதே, விடாதே” என்று கத்திக்கொண்டே இருப்பது அவருடைய வேலையில் பாதி. ஆடும்போதே வர்ணனை செய்துகொண்டிருப்பவர் அவர். அவ்வளவு செய்தும் பெயர் கிடைப்பதில்லை. ஏரி மதகைக் காப்பவர் பெயர் கரை உடைந்தால்தான் ஊருக்குத் தெரியவரும் என்பது போல, கோல் விழுந்த பிறகே அவர் பெயர் அடிபடும்.

தொலைக்காட்சிப் பேனலில் அந்த வேலைக்கு வெளிச்சம் கிடைத்தது. ஒரு கோலை மறு ஒளிபரப்புச் செய்யும்போது சாதாரண ரசிகரின் கண் அடித்தவரின் காலில் இருக்கும். பின்வரிசையில் ஆடியவர் படத்தை ஐந்து விநாடி பின்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வார். திரையின் ஓரத்தில், பந்தே இல்லாத இடத்தில், வலது பக்கத் தடுப்பாட்டக்காரர் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பியிருப்பார். தான் காக்க வேண்டிய ஆள் தோளுக்குப் பின்னால் நழுவியது அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்கும் நடுவில் நிற்பவருக்கும் இருக்க வேண்டிய இடைவெளி இரண்டு அடி கூடியிருக்கும். மற்ற மூவரும் ஒரு எட்டு முன்னேறியிருக்க, ஒருவர் மட்டும் பின்தங்கியதால் ஆஃப்சைடும் இல்லாமல் போயிருக்கும். கோல் விழுந்தது அந்த இடத்தில்தான், பந்து வலைக்குள் போனது அதன் பிறகு. இந்தக் கண் இருப்பவர் பேசக் கேட்ட ரசிகர் அடுத்த ஆட்டத்தை வேறு மாதிரிப் பார்ப்பார்.

ஷெப்பி சிங்கிடம் அந்தக் கண் இருந்தது, அதைச் சொல்லும் வாயும் இருந்தது. நேரமும் கூடி வந்தது. 1994–95இல் மலேசியக் கால்பந்தில் சூதாட்ட விவகாரம் வெடித்தது. பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்று நூறு பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள், ஏராளமானோர் தடை செய்யப்பட்டார்கள். உள்ளூர் ஆட்டத்தின் மேல் வைத்திருந்த நம்பிக்கை சரிந்தது. 1996இல் மலேசியாவில் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் சேவை தொடங்கியது. அதே ஆண்டு ஈஎஸ்பிஎன்னும் ஸ்டார் ஸ்போர்ட்ஸும் சிங்கப்பூரில் ஒரே நிறுவனமாக இணைந்தன. உள்ளூர் அரங்கத்தை விட்டு வெளியேறிய கண்கள் இங்கிலாந்து லீக்கில் போய் நிலைத்தன. அந்தக் கண்களுக்குப் பேச ஆசியாவின் வியர்வையில் நனைந்த ஒருவர் வேண்டியிருந்தது.

அந்த மேசையில் அவர் உட்கார்ந்ததன் அருமையை இன்று உணர்வது கொஞ்சம் கடினம். நம் நாடுகளில் ஐரோப்பியக் கால்பந்தைப் பற்றி அதிகாரத்தோடு பேசுவது ஐரோப்பியர்களின் உரிமை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. நம்மவர் ஒருவர் பேசினால், “நீ அங்கே ஆடியிருக்கியா?” என்ற கேள்வி தயாராக இருக்கும். லிவர்பூலில் பட்டங்கள் வென்ற மெக்மேன் எதிரே இருக்கையில், மலேசிய லீக்கில் ஆடியவர் “இல்லை, நீங்கள் சொல்வது தவறு” என்று சொன்னார். கூச்சமில்லாமல், கைகட்டாமல், தன் மலேசிய உச்சரிப்பை மாற்றாமல் சொன்னார். ஜொகூரில் நின்ற இடம் தப்பினாலும் மான்செஸ்டரில் நின்ற இடம் தப்பினாலும் தவறு ஒன்றுதான் என்பது அவர் நம்பிக்கை. கோலாலம்பூரிலும் ஜகார்த்தாவிலும் சென்னையிலும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது பெரிய துணிவைக் கொடுத்தது. அவருடைய எல்லாப் பங்களிப்பிலும் இதுவே முதன்மையானது.

பேச்சோடு நிற்க அவர் விரும்பவில்லை. 2006இல் மலேசியத் தொலைக்காட்சியில் ‘மைடீம்’ என்ற நிகழ்ச்சி வந்தது. நாடெங்கும் தேர்வு வைத்து, பெயர் தெரியாத இளைஞர்களைப் பொறுக்கி ஓர் அணி சேர்த்து, தேசிய அணியோடு மோதவிடுவது திட்டம். பின்னாளில் அமைச்சரான கைரி ஜமாலுதீன் முன்னின்று நடத்திய அந்த முயற்சியில் பயிற்சியாளர் பொறுப்பை ஷெப்பி ஏற்றார். தேசிய அணியிடம் அவர்கள் தோற்றார்கள். ஆனாலும் அந்த அணி கலையாமல் லீக்கிலும் இறங்கியது. மேசையில் சொன்னதைத் திடலில் செய்து காட்ட வேண்டும் என்ற வேட்கை அவருக்குள் எவ்வளவு இருந்தது என்பதற்கு அது சாட்சி.

பிறகு வந்தது பிளாக்பர்ன்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலை ஊர் அது. 1888இல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் இருந்த பன்னிரண்டு அணிகளில் பிளாக்பர்ன் ரோவர்ஸும் ஒன்று. 1995இல் பிரீமியர் லீக் பட்டம் வென்றது. 2010 நவம்பரில் புனேயைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் அந்த அணியை வாங்கியது. அடுத்த மாதமே அனுபவசாலியான பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டு, ஸ்டீவ் கீன் அந்த இடத்துக்கு வந்தார். ரசிகர்கள் கொதித்தார்கள். 2012 மே மாதம் விகனுடன் சொந்த மண்ணில் ஆடிய ஆட்டத்தின்போது, அணிக்கொடி போர்த்திய ஒரு கோழியை யாரோ மைதானத்துக்குள் விட்டார்கள். கோழி களத்தில் ஓட, அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று 0–1 என்று தோற்று, பிளாக்பர்ன் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே விழுந்தது.

அந்தக் கோடையில் வெங்கீஸ் தன் அணிக்கு ‘உலக ஆலோசகர்’ என்று ஒரு பதவியை உண்டாக்கி ஷெப்பி சிங்கை நியமித்தது. ஜொகூர் பாருவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளிக்காரர், புனே முதலாளிகளுக்காக, லங்காஷயர் அணியை நிமிர்த்தப் போனார். ஆசியப் பணம் ஐரோப்பியக் கால்பந்துக்குள் நுழைந்தது பலருக்கும் தெரியும். ஆசியாவின் கால்பந்து அறிவும் கூடவே போகலாம் என்று அன்று பலர் ஆசைப்பட்டார்கள், அதில் நியாயம் இருந்தது.

அது நடக்கவில்லை. செப்டம்பரில் ரசிகர்களோடு நடந்த ஒரு கூட்டத்தில் அவர் தொலைக்காட்சியில் பேசுவது போலவே மனந்திறந்து பேசினார். தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் பயிற்சியாளர் வீட்டுக்குப் போவார் என்ற பொருளில் சொன்னார். அணியின் மூத்த வீரர் ஒருவரை ஓய்வூதியக்காரர் என்று குறிப்பிட்டார். யாரோ அதைப் பதிவு செய்ய, ஊரெங்கும் பரவியது. அந்த மாதம் 28ஆம் தேதி கீன் பதவி விலகினார். அக்டோபர் இறுதியில் வந்தவர் ஹென்னிங் பெர்க். 1995இல் பிளாக்பர்ன் பட்டம் வென்றபோது அதே அணியின் பின்வரிசையில் ஆடிய நார்வேக்காரர். அவரும் ஓய்வுக்குப் பின் தொலைக்காட்சியில் பேசியவர்தான். அலர்டைஸ் நீக்கப்பட்ட சமயத்தில், மதிப்புள்ள பயிற்சியாளர் யாரும் அந்த வேலையை ஏற்கமாட்டார் என்ற கருத்தை நார்வே தொலைக்காட்சியில் சொன்னவர், இரண்டு ஆண்டில் அதே வேலைக்கு வந்து சேர்ந்தார். 57 நாளில் நீக்கப்பட்டார். நீதிமன்றம் அவருக்குச் சுமார் 22 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுக்க வைத்தது. அடுத்து வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள் தாங்கினார்.

எல்லாப் பழியையும் ஷெப்பி மேல் சுமத்துவது நேர்மை ஆகாது. அவர் போகும்போதே அந்த அணிக்குள் யார் சொல் யாருக்கு என்ற தெளிவு இல்லை. புனேயில் முதலாளிகள், பிளாக்பர்னில் நிர்வாக இயக்குநர், இடையில் ஆலோசகர் என்று மூன்று திசையில் அதிகாரம் சிதறிக்கிடந்தது. ஆனால் அவர் பக்கமும் ஒரு பெரிய தவறு இருந்தது. சிங்கப்பூர் மேசையில் உட்கார்ந்து ஒரு வீரருக்கு வயதாகிவிட்டது என்று சொன்னால் அது விமர்சனம். அதே வீரருக்குச் சம்பளம் கொடுக்கும் அணியின் ஆலோசகராக இருந்துகொண்டு சொன்னால் உடை மாற்றும் அறையில் வெடி வைப்பது மாதிரி. பேச்சாளருக்கு வெளிப்படையாகப் பேசுவதுதான் மூலதனம். நிர்வாகிக்கு வாயைக் கட்டத் தெரிய வேண்டும். முதல் தொழிலில் அவரை உயர்த்தியதே இரண்டாவதில் அவரைக் கவிழ்த்தது.

அதே பள்ளத்தில் அவரைவிடப் பெரிய பெயர்களும் விழுந்திருக்கின்றன. ஸ்கை தொலைக்காட்சியில் தொடுதிரை முன் நின்று பின்வரிசை ஆட்டத்தைக் கேரி நெவில் போல விளக்கியவர் இல்லை என்று இங்கிலாந்தே சொல்லிக்கொண்டிருந்தபோது, 2015 டிசம்பரில் அவர் ஸ்பெயினின் வலென்சியா அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். பிப்ரவரியில் பார்சலோனாவிடம் 0–7. மார்ச் முடிவதற்குள் வேலை போனது. திரும்பி வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார், முன்னைவிட நிதானமாகப் பேசுகிறார் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியது. ஆட்டத்தைப் படிப்பது வேறு, இருபத்தைந்து ஆட்களை நடத்துவது வேறு என்பதை இருவரும் ஊரறியக் கற்றார்கள்.

பிளாக்பர்னுக்குப் பிறகு ஷெப்பி மலேசியா திரும்பினார். கால்பந்தைப் பற்றிப் பேசுவதை விடவில்லை. 2022 ஜனவரி 12ஆம் தேதி ஜொகூரில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். வயது 61. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அன்று வந்த இரங்கல்களில் அவருடைய ஆட்டத்தைவிட, பிளாக்பர்னைவிட, அந்தச் சனிக்கிழமை இரவுகளே அதிகம் பேசப்பட்டன.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கும் ஒரு பின்வரிசைக்காரர் இதே பாதையில் வந்தார். 1998 டைகர் கோப்பை வியட்நாமில் நடந்தது. அரையிறுதியில் வியட்நாமை ஹனோயில் சந்திக்க வேண்டாம் என்று தாய்லாந்தும் இந்தோனேசியாவும் வெல்ல மனமில்லாமல் ஆட, இந்தோனேசிய வீரர் ஒருவர் வேண்டுமென்றே தன் கோலிலேயே பந்தை அடித்து உலகையே அதிர வைத்த போட்டி அது. அந்தக் களேபரத்துக்கு நடுவே சிங்கப்பூர் சத்தமில்லாமல் இந்தோனேசியாவை வென்று, செப்டம்பர் 5ஆம் தேதி ஹனோயில் வியட்நாமை இறுதியாட்டத்தில் சந்தித்தது. அரங்கம் முழுக்க வியட்நாம் ரசிகர்கள். இரண்டாம் பாதியில் கோல் முன்னால் உயர்ந்து வந்த பந்து, தடுப்பாட்டக்காரர் ஆர். சசிகுமாரின் முதுகும் தோளும் சேரும் இடத்தில் பட்டு உள்ளே போனது. 1–0. சிங்கப்பூரின் முதல் பெரிய பிராந்தியப் பட்டம் அது. மரடோனாவின் ‘கடவுளின் கை’யை நினைத்து, ஊரே அதைக் ‘கடவுளின் தோள்’ என்று அழைத்தது.

சசிகுமார் ஆட்டத்தை விட்ட பிறகு விளையாட்டு விளம்பர நிறுவனம் தொடங்கினார், தொலைக்காட்சியில் கால்பந்து விமர்சகராகவும் உட்கார்ந்தார். ஷெப்பி எதிர்நீச்சல் போட்டுத் திறந்த கதவு இவருக்குப் பாதி திறந்தே இருந்தது. இந்திய ரசிகர்களுக்கும் அந்தச் சிங்கப்பூர் மேசையிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பர்மிங்ஹாம் சிட்டியில் தடுப்பாட்டக்காரராக இருந்த பால் மேஸ்ஃபீல்டு இந்தியக் கால்பந்தின் ஆங்கில வர்ணனையில் பழகிய குரலாக ஆனார். 2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய பிறகு அந்தக் குரல் சென்னை ஆட்டங்களோடும் வந்தது.

தமிழில்? கிரிக்கெட்டுக்கு வானொலியில் வி. ராமமூர்த்தி, அப்துல் ஜப்பார், கூத்தபிரான் என்று குரல்கள் அமைந்தன. கிராமத்து டீக்கடையிலும் அந்தக் குரலைக் கேட்டு ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தது போல் உணர்ந்தவர்கள் ஏராளம். கால்பந்துக்கு அப்படி ஊரறிந்த தமிழ்க் குரல் அமையவில்லை. செயற்கைக்கோள் காலம் வந்தும், சென்னையின் ரயில்வே, காவல்துறை, இந்தியன் வங்கி, ஐசிஎஃப் அணிகளில் ஆடி ஓய்ந்த நூற்றுக்கணக்கானோருக்குத் தாங்கள் கண்ட ஆட்டத்தைத் தங்கள் மொழியில் சொல்ல ஒரு மேசை போடப்படவில்லை. ஆங்கிலத்தில் கேட்டு, புரிந்த அளவுக்குப் புரிந்துகொண்டு வளர்ந்த தலைமுறைதான் இங்கே இருக்கிறது.

அது மாறத் தொடங்கியிருக்கிறது. 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தது. 2021இல் சோனி டென் 4 தொடங்கி, யூரோ கோப்பையைத் தமிழ் வர்ணனையோடு தந்தது. 2022 கத்தார் உலகக் கோப்பையை ஜியோசினிமாவில் தமிழிலேயே கேட்க முடிந்தது. மெஸ்ஸியும் எம்பாப்பேவும் மோதிய அந்த இறுதியாட்டத்தைத் தமிழில் கேட்ட பிள்ளைகளுக்கு அது புதுமையாகக்கூடத் தோன்றியிருக்காது, பெற்றோருக்குத்தான் புதுமை. சென்னையின் எஃப்சி 2015இலும் 2018இலும் சூப்பர் லீக் கோப்பையை வென்றது, சென்னை சிட்டி 2019இல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. பார்க்க ஆள் இருக்கிறது, பேசப்படும் ஆட்டமும் இருக்கிறது.

இனி வேண்டியது கோல் விழுந்ததும் கூவுவதற்கு மேலாக, ஐந்து விநாடி பின்னால் போய் நிறுத்தி, “இங்கே பாருங்க, இவர் இந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும்” என்று நம் பேச்சில் சொல்லும் ஆள். சேலத்தைத் தாண்டினால் நாமக்கல். அங்கிருந்து போய் மோகன் பகானில் ஆடிய நல்லப்பன் மோகன்ராஜ் பின்வரிசை வீரர். திருச்சியின் தர்மராஜ் ராவணனும் பின்வரிசைதான். இவர்கள் காலத்தில் தமிழ்நாட்டுப் பையன்கள் கொல்கத்தாவிலும் கோவாவிலும் மொழி தெரியாத பத்துப் பேரைக் கத்திக் கத்தி வழிநடத்தியிருக்கிறார்கள். அந்தத் தொண்டைகளுக்குத் தமிழில் ஒரு மேசையும் தொடுதிரையும் போட்டுக் கொடுக்கும் சேனல் எதுவோ, அதைக் கடத்தூரில் ஒரு சனிக்கிழமை இரவு ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.